கணபதியின் முகம்

மடுல்சீமைத் தோட்டத்தில் செத்த பிறகுதான் பலருக்கு முதல் படம். உயிரோடு இருக்கும்போது அதற்கெல்லாம் நேரம் ஏது? கண்ணை மூடினால் நாற்காலியில் சாத்தி, மாலை போட்டு, பண்டாரவளையிலிருந்து ஸ்டூடியோ ஹாஷிம் முதலாளியை வரவழைத்து, சொந்தபந்தம் சுற்றி நிற்க ஒரு படம். ஜெயலெட்சுமியின் நாலு வயது மகன் கணபதி காய்ச்சலில் போன அன்று அதற்கும் வழியில்லை. மழையில் பாதை சரிந்து பஸ் நின்றுவிட்டது.

அப்போது பெரிய தொரை பங்களாவில் ஒரு வெள்ளைக்காரன் தங்கியிருந்தான். அயர்லாந்துக்காரன். தன் நாட்டு மலையையும் கடலையும் படம் பிடித்தே பேர் வாங்கியவனாம். அங்கேயும் இதே பனி, இதே மழைதானாம். அதையே பார்க்கக் கப்பலேறி வந்திருக்கிறான், கொடுத்து வைத்தவன்! ஜெயலெட்சுமியின் புருஷன் அழகையா, இங்கிலீஷ் தெரிந்த டீமேக்கர் சிவஞானத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனைத் தங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு வரவழைத்தான். வெள்ளைக்காரன் தொப்பியைக் கழற்றினான், படம் எடுத்தான், ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்றான்.

ஜெயலெட்சுமி அழவில்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் பிடித்து உலுக்கியும் அழவில்லை. காரியம் முடிந்ததும் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனாள், கொழுந்து பறித்தாள், வந்து சோறாக்கினாள். நெஞ்சு மரத்துக் கிடந்தது. அதைவிடக் கொடுமை, பையனின் முகம் அவளுக்கு நினைவில் நிற்கவில்லை. போட்டிருந்த சட்டை தெரிந்தது, காது குத்தியபோது வீறிட்ட சத்தம் கேட்டது. முகம் மட்டும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

“படம் வரட்டும்,” என்றாள் அழகையாவிடம். “மொகத்தப் பாத்தா அழுதுருவேன்.”

மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒருநாள் சிவஞானம் பெரிய உறையோடு வந்தார். படம் அழகாகத்தான் இருந்தது. மலை அடுக்கடுக்காகப் பதிந்திருந்தது, லயத்துத் தகரக்கூரை மினுங்கியது. எல்லாவற்றுக்கும் கீழே எறும்புக் கூட்டம் மாதிரி ஜனங்கள், நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. அதுதான் கணபதி. கூடவே அயர்லாந்துக் கடற்கரைப் படம் ஒன்றும் வெள்ளைக்காரன் வைத்திருந்தான், பாறையும் ஆடுகளுமாக. அந்த ஆடுகளுக்காவது முகம் தெரிந்தது.

“செத்த புள்ளகிட்டப் போயி கேமராப் பெட்டிய நீட்டுறது மரியாத இல்லன்னு எட்டவே நின்னாராம்,” என்றார் சிவஞானம்.

“மொகத்த எடுக்கணும்னு நீங்க சொல்லலிங்களா ஐயா?” என்றான் அழகையா.

“படம் எடுங்கன்னு சொன்னேன். வேற எத எடுப்பாருன்னு நெனப்பேன்?”

ஜெயலெட்சுமி அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு புருஷனோடு பண்டாரவளைக்கு பஸ் ஏறினாள்.

ஹாஷிம் கண்ணாடி வில்லையை வைத்து நெடுநேரம் பார்த்தார். “இதப் பெருசாக்கினா புள்ளிதான் வரும், தங்கச்சி,” என்றார். பிறகு ஏதோ யோசித்து, “மகன்ட சாடையில ஆராவது ஈக்காங்களா? அந்த முகத்த எடுத்து, தூரிகையால புள்ள முகமா மாத்தித் தரலாம்.”

அழகையா மெல்ல மனைவியைத் திரும்பிப் பார்த்தான். “இவ மொகந்தாங்க மொதலாளி. அப்படியே உரிச்சு வச்சது.”

அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஹாஷிம் விளக்கைப் போட்டார். பொட்டை அழிக்கச் சொன்னார், அழித்தாள். கண்ணை மூடச் சொன்னார், மூடினாள்.

“தலைய இந்தப் பக்கம் கொஞ்சம் சாயுங்க.”

சாய்த்தாள். அன்று கணபதியின் தலை நாற்காலியில் நிற்காமல் விழ, அவள்தான் தன் கையால் அப்படிச் சாய்த்து வைத்திருந்தாள். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் புறப்பட்டுக் கன்னத்தில் இறங்கியது.

“அழாதீங்க தங்கச்சி,” என்றார் ஹாஷிம், கறுப்புத் துணிக்குள்ளிருந்து. “மௌத்தான புள்ளட படம். முகத்துல தண்ணி ஈக்கப்படாது.”

அவள் தலையை அசைக்கவில்லை. கண்ணீரைத்தான் அவளால் நிறுத்த முடியவில்லை.