நட்சத்திர முள்

மூன்று கண்ணாடிச் சில்லிலும் அந்த முள் இல்லை. நாலாவதிலும் இருக்காது. இருந்துவிட்டால் தேவலை என்று தவிக்கிற மனசை வைத்துக்கொண்டு எதையும் பார்க்கக் கூடாது.

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். கடற்பஞ்சின் துணுக்கை அமிலத்தில் கொதிக்கவைத்தால் சதை கரைந்து, கண்ணாடி போன்ற நுண்முட்கள் மட்டும் அடியில் தங்கும். எந்தப் பஞ்சு எந்தக் குடும்பம் என்று சொல்வது அந்த முட்கள்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தப் பஞ்சில் நட்சத்திர வடிவ முள் ஒன்றைக் கண்டாள். அதன் உறவுகள் எதிலும் இல்லாத முள். அதை நம்பி ஒரு புதிய பேரினத்தையே அறிவித்தாள். அதற்கு வைத்தது தம்பியின் பெயர்.

தம்பி முக்குளிப்பவன். இந்தப் பஞ்சை மேலே அனுப்பிவிட்டு மறுபடி இறங்கியவன் ஏறி வரவில்லை. தேடுவதை நிறுத்திய மறுநாளே அவள் ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். அழுதுகொண்டே கழுவிய சோதனைக் குழாயில்தான் இந்தப் பஞ்சைக் கொதிக்கவைத்தாள். அதில் அதற்கு முன் வெந்தது வேறொரு பஞ்சு என்று பழைய குறிப்பேடு இன்று காலை சொன்னது. அந்தப் பஞ்சுக்கு உடம்பெல்லாம் நட்சத்திரம்.

"என்னம்மா, இன்னும் கையெழுத்துப் போடலியா?"

துறைத் தலைவர் கோப்போடு வந்து நின்றார். அந்தப் பேரினமும் இடம்பெற்ற புதிய கடற்பஞ்சுப் பட்டியல் அச்சுக்குப் போக அவள் ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி.

"சார், அந்த முள் இதோடது இல்ல. குழாய்ல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. இது புதுசே இல்ல, பழைய பேரினம்தான்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டீங்க? பஞ்சு வந்து கேஸ் போடப் போகுதா? உலகத்துல இதைப் படிக்கிறதே ஒம்போது பேரு. அதுல ரெண்டு பேரு நாம."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வழியே போய்விட்டது.

"தம்பி பேரு வந்த பக்கத்தை அம்மா சட்டம் போட்டு மாட்டியிருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அவங்களுக்காகவாவது இருந்துட்டுப் போகட்டும்மா."

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் தினமும் கண்ணாடி மேல் விரல் வைத்து அந்த ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பாள். உடம்பு கிடைக்காத பிள்ளைக்கு இருந்த ஒரே இடம். இனி ‘செல்லாத பெயர்’ என்று பொடி எழுத்தில் போட்டுவிடுவார்கள். இந்தத் தடவை அவனைத் தள்ளிவிடுவது அக்காவின் கை.

சீசாவுக்குள் பஞ்சு வெளுத்துக் கிடந்தது. அவன் கத்தி பட்ட விளிம்பு மட்டும் இன்னும் நேராக இருந்தது. அவன் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான்.

பேனாவை மூடிக் கோப்பின் மேல் வைத்து, அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வேண்டாம் சார்," என்றாள்.