எண்பத்திரண்டு டிகிரி

அம்பத்தூர் சாய ஆலைக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. கொதிதொட்டியின் சென்சார் பழுதாகி, கண்ட்ரோல் ரூம் திரையில் வெப்பக் கோடு குதித்தது. மேனேஜருக்கு அது மானப் பிரச்சினை.

"அளவு வரலைன்னா கடைசி அளவையே காட்டுற மாதிரி புரோகிராம் பிளாக்கை மாத்திடுப்பா."

"அப்புறம் அலாரம் அடிக்காது சார்," என்றான் கண்ட்ரோல் புரோகிராம் எழுதும் மஸூத்.

"விருந்தாளி முன்னாடி அலாரமா?"

மஸூத் மாற்றினான். கோடு எண்பத்திரண்டில் நேராகப் படுத்துக்கொண்டது.

"இன்னா மாமே, சூடு சாமியார் கணக்கா அசையாம கீது!" என்று சிரித்தான் ஆபரேட்டர் தசரதன்.

"அவங்க போனதும் பழையபடி மாத்திடறேன்டா."

விருந்தாளிகள் போய்ப் பாராட்டுக் கடிதம் அனுப்பினார்கள். மேனேஜர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார். திரையில் அந்த நேர்க்கோட்டைத் தொடக் கூடாது என்றார். நாலாம் நாள், எண்பத்திரண்டை நம்பி மூடியைத் திறந்த தசரதன் மேல் தொட்டி பொங்கியது.

இரங்கல் கூட்டம் கண்ட்ரோல் ரூமிலேயே நடந்தது. "தசரதன் எங்கள் குடும்பத்தில் ஒருவர்," என்று காகிதத்தைப் பார்த்துப் படித்த மேனேஜர், இரண்டு நிமிட மௌனம் கேட்டார். அந்த மௌனத்தில் மஸூத் பிளாக்கைப் பழையபடி மாற்றினான். அலாரம் அலறியது.

"இன்னாண்ணே சத்தம்?" என்றாள் தசரதன் மனைவி சித்ரா.

"சூடு எவ்ளோன்னு தெரியலைன்னு சொல்லுதும்மா."

"அன்னிக்கி ஏண்ணே சொல்லல?"