ஏழு பத்து பஸ்ஸில் துண்டு போடப்படும்

பஸ் சீட்டில் ஒரு துண்டு விழுந்துவிட்டால் அந்த இடம் முடிந்த கதை. பட்டா நிலத்துக்குக்கூட வில்லங்கம் வரும், துண்டு போட்ட சீட்டுக்கு வராது. கைக்குழந்தையோடு ஒருத்தி நின்றாலும் சரி, மாவுக்கட்டோடு ஒருவன் நின்றாலும் சரி, அந்தத் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார காரிமங்கலத்தில் ஆள் பிறக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் "ஆள் வருதுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்த ஆள், எப்போது வரும், வருமா வராதா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. இதை வைத்து ஒரு தொழில் செய்யலாம் என்று இத்தனை காலமாக யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். தோன்றியது கலைமதிக்கு. வயது பதினேழு, பிளஸ் டூ முடித்து ஒன்றரை மாதம்.

தோன்றக் காரணம் அறிவு இல்லை, பயம். அவள் அம்மா முனியம்மாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி முருகன், ஓசூர் கம்பெனி ஒன்றுக்குப் பெண்பிள்ளைகளை வேனில் ஏற்றி அனுப்பும் ஏஜென்ட். வீட்டுக்கு வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "புள்ளைய அனுப்புங்க மாமா, சாப்பாடு ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ" என்று ஓதிக்கொண்டே இருந்தான். அந்த ஹாஸ்டலைப் பற்றி அடுத்த தெரு அக்கா சொன்னது வேறு. கட்டிலுக்கு இரண்டு பேராம். ஒருத்தி எழுந்து ஷிப்டுக்குப் போனால், அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தி வந்து படுப்பாளாம். அதைக் கேட்டதிலிருந்து கலைமதிக்குத் தூக்கம் போயிற்று. இங்கேயே தொழில் செய்கிறேன், என்னை அனுப்பாதீர்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அப்பா பச்சியப்பன் அதிகம் பேசாதவர். பேசினால் வாக்கு, அதுதான் தொந்தரவு. தோளில் துண்டில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. குளிக்கும்போதுகூட அதைக் கை எட்டும் தூரத்தில்தான் வைத்திருப்பார். பச்சைக் கரை, ஒரு மூலையில் பீடி சுட்ட ஓட்டை. அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் தீர்ப்பு சொன்னார்.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் பொறு முருகா. அதுக்குள்ள இவ தொழிலு நெலைச்சு நின்னுச்சுன்னா இங்கயே இருக்கட்டும். நெலைக்கலைன்னா மறுநாள் காலைல உன் வேன்ல ஏத்தறேன். இது என் வாக்கு."

வீடு பஸ் நிலையத்துக்குப் பின்புறம். காலை ஏழு பத்துக்குத் தருமபுரி கிளம்பும் பஸ், ஒரு தனியார் பஸ், இரவெல்லாம் அங்கேதான் நிற்கும். கலைமதி சந்தைக்குப் போய் துண்டு வியாபாரி தாவூது பாயிடம் இருபது துண்டு கேட்டாள்.

"இத்தனை எதுக்கும்மா, வூட்ல விசேஷமா?"

"பஸ் சீட்ல போடறதுக்கு பாய்."

பாய் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஜன்னல் பக்கமா? அப்ப வெயில்ல சாயம் போவாததா எடுத்துக்க" என்றார். வியாபாரி என்றால் அவரல்லவா வியாபாரி.

வீட்டு வாசலில் அட்டை தொங்கியது: 'ஏழு பத்து பஸ்ஸில் துண்டு போடப்படும். ஜன்னலோரம் தனிக் கட்டணம்.' முதலில் வந்தவர் மாது. தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காவல்காரர். மூன்றாவது வரிசை ஜன்னலோரம் வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு முன்பணமே கட்டிவிட்டார். அடுத்த வாரம் ஜவுளிக்கடைப் பெண்கள் ஆறு பேர், அதற்கடுத்த வாரம் பத்திர ஆபீஸ்காரர்கள். அப்புறம் வழியில் ஏறுகிறவர்களும் போன் போட்டார்கள். பெரியாம்பட்டியில் ஏறுகிறவருக்காகக் காரிமங்கலத்திலிருந்தே துண்டு உட்கார்ந்து போனது. லீவு போட்டவர்களும் துண்டை நிறுத்தச் சொல்லவில்லை. "பணம் கட்டியாச்சு, துண்டாச்சும் போய்ட்டு வரட்டும்" என்றார்கள்.

ஆனி முடிவதற்குள் ஐம்பத்து நான்கு சீட்டிலும் துண்டு. ஒரு சீட்டிலும் ஆள் இல்லை. துண்டுக்குச் சொந்தக்காரர்களாவது உட்கார்ந்தார்களா என்றால், அதுவும் இல்லை. நிற்கிற கூட்டத்தைத் தாண்டி அவரவர் துண்டை எட்டவே முடியவில்லை. படியில் தொங்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, 'அதோ, நம்முது நல்லா உக்காந்திருக்குது' என்று திருப்திப்பட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியவர் இரண்டு துண்டுகளைப் பார்த்து "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று கேட்டுப் பார்த்தார். அவை தள்ளவில்லை. அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கண்டக்டர் பிரபாகர் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, அது பஸ்ஸா, துணி காயப்போடற கொடியா? ஆளுங்க பூரா நிக்கறாங்க."

"நிக்கறவங்களுக்கு டிக்கெட் குடுத்தீங்களாண்ணா?"

"குடுத்தேன்."

"யாராச்சும் சண்டை போட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்பறம் என்னங்கண்ணா குறை?"

பிரபாகர் வாசலிலேயே நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. மோர் குடித்துவிட்டுப் போனார்.

கலைமதிக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்ததே அந்த வாரம்தான். தொழில் நிலைத்துவிட்டது, ஓசூர் இல்லை, தன் பாயில் தான் மட்டும் படுக்கலாம்.

ஆடி பிறந்த மூன்றாம் நாள் மாது செத்துப்போனார். நெஞ்சுவலி, அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கலைமதி அவருடைய துண்டை மடித்து எடுத்து வைத்துவிட்டு அழுதாள். முதல் வாடிக்கையாளர், ஒருநாளும் முகம் சுளித்தவரில்லை. அவர் செத்த மூன்றாம் நாள் மனைவி குள்ளம்மாள் வந்து நின்றாள்.

"இந்த மாசம் இன்னும் முடியல கண்ணு. அவரு காசு கட்டினவரு. துண்டைப் போட்டுடு."

என்னவென்று மறுப்பது. கலைமதி போட்டாள். மறுநாளிலிருந்து எல்லோருக்கும் முன்பாக அவர் துண்டைத்தான் முதலில் போட்டாள். விஷயம் பஸ் முழுக்கப் பரவியது. யாரோ துண்டின்மேல் ஒரு முழம் மல்லிகையை வைத்தார்கள், யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கல்லூரிக்கு விண்ணப்பித்த பையன் ஒருவன் மார்க் ஷீட்டை அங்கே வைத்துக் கும்பிட்டு எடுத்துக்கொண்டான். மூச்சுவிட இடமில்லாத அந்தக் கூட்டத்தில் பிரபாகர் மூன்றாவது வரிசை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். உயிரோடு இருந்தபோது சாப்பிட்டாயா என்று மாதுவை ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது என்ன மரியாதை, என்ன பக்தி. மனுஷ ஜென்மமே ஒரு தினுசு.

கெட்ட காலம், பஸ் முதலாளி இதைப் பார்க்க வந்தார். தருமபுரி வரை நின்றுகொண்டே போனார். திரும்பும்போதும் நின்றுகொண்டே வந்தார். இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரபாகரிடம் கணக்கான ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாரும் நின்னுட்டுத்தான் போறாங்க. அப்பறம் சீட்டு எதுக்குடா? எடுத்துட்டா இன்னும் முப்பது பேரு நிக்கலாமே."

அன்றைக்கு சாயங்காலமே மெக்கானிக் வந்து ஒவ்வொரு சீட்டாகக் கழற்றினார். மூன்றாவது வரிசை ஜன்னலோரம் வந்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "ஆள் இருக்குதுங்க" என்றார். முதலாளியும் அதை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

மறுநாள் ஏழு பத்து பஸ் ஒரே ஒரு சீட்டோடு கிளம்பியது. ஜனங்கள் சண்டை போடுவார்கள், சாலை மறியல் செய்வார்கள் என்று கலைமதி மலைபோல் நம்பியிருந்தாள். அவர்களோ உள்ளே ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, நல்லா விசாலமா இருக்குது" என்றார்கள். அதோடு தொழில் படுத்துவிட்டது. ஆடிப் பதினெட்டுக்கு அன்றிலிருந்து நான்கு நாள்.

ஆடிப் பதினெட்டன்று ஊரில் பாதி ஒகேனக்கல் போயிருந்தது. முருகன் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்தான். பச்சியப்பன் மகளைக் கூப்பிட்டார்.

"இப்ப எத்தினி பேருக்குத் துண்டு போடற?"

"ஒருத்தருக்குப்பா."

"யாருக்கு?"

"மாது பெரியப்பாவுக்கு."

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். "உசுரோட இருக்கறவங்க யாராச்சும்?"

"இல்லப்பா."

"நீங்க வாக்கு குடுத்திருக்கீங்க மாமா" என்றான் முருகன்.

"குடுத்தேன். மாத்திப் பேச மாட்டேன்" என்றார் அப்பா. வேன் எங்கே கிளம்பும், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பெரியாம்பட்டியில் ஐந்தரைக்குக் கிளம்பி இங்கே ஆறு மணிக்கு வரும் என்றான் முருகன். பன்னிரண்டு சீட்டு, பதினொரு பெண்கள், கடைசி சீட்டு கலைமதிக்கு.

கலைமதிக்கு அப்பாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பெட்டியில் துணியை அடைக்கும்போது அழுதாள், அடைத்து முடித்தும் அழுதாள். அம்மா முறுக்கு டப்பாவை வைக்கிறேன் என்று வைத்து, எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் கண்விழித்துப் பார்த்தால் அப்பா இல்லை. டிவிஎஸ் வண்டியும் இல்லை. "தண்ணி கட்டப் போயிருப்பாரு" என்றாள் அம்மா.

"வழியனுப்பக்கூட மனசு வரல பாத்தியா" என்று சொல்லிவிட்டு கலைமதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஆறு மணிக்கு வேன் வந்தது. முருகன் முன்சீட்டிலிருந்து குதித்து, பக்கக் கதவைத் திறந்து, "ஏறும்மா" என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றான். கடைசி சீட்டில் ஒரு துண்டு கிடந்தது.

"யாருதும்மா இது?" என்று பெண்களைக் கேட்டான்.

"தெரியலண்ணா. நாங்க ஏறும்போதே கெடந்துச்சு. ஆள் வருதுன்னு நெனச்சோம்."

முருகனின் கை சீட்டுவரை போனது. ஒரு சாண் இருக்கும்போது நின்றது, பிறகு திரும்பி வந்து தலையைச் சொறிந்தது. அவனும் இந்த ஊர்க்காரன்தானே. பதினொரு பெண்களும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்து ஓரமாக வையுங்கள் என்று டிரைவர் சொல்லவில்லை, முனியம்மாள் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை.

கலைமதி எட்டிப் பார்த்தாள். பச்சைக் கரை. ஒரு மூலையில் பீடி சுட்ட ஓட்டை. வாயைத் திறந்தால் கெட்டுவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இடமில்லையேக்கா" என்றான் முருகன் பரிதாபமாக. "நாளைக்குத் துண்டுக்காரங்க வந்து கேட்டா நான் பதில் சொல்லணும். அடுத்த பேட்ச் தை மாசம்தான். பாக்கலாம்."

கதவைச் சாத்தினான். பதினொரு பெண்களும் ஒரு துண்டும் கிருஷ்ணகிரி ரோட்டில் போய்விட்டன.

கால் மணி நேரம் கழித்து டிவிஎஸ் வந்தது. அப்பா வண்டியை நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போலக் கால் கழுவினார். பனியனுக்கு வெளியே அவர் தோள் தெரிந்தது. துண்டு கிடக்கும் இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்துப்போயிருந்தது. பிறந்ததிலிருந்து கலைமதி அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை.

"வேன் போயிடுச்சா?"

"போயிடுச்சுப்பா. இடமில்லன்னு உட்டுட்டுப் போய்ட்டாங்க."

"அப்பிடியா. ஏத்தறேன்னு நான் குடுத்த வாக்கு அப்பிடியேதான் இருக்குது. வேன்ல இடமில்லன்னா நான் என்ன பண்ண முடியும்?"

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். கலைமதி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தபடி இருந்தது, சிரிப்பும் வந்தது.

"உன் துண்டு எங்கப்பா?"

பச்சியப்பன் வெறும் தோளை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஓசூருக்கு வேலைக்குப் போயிருக்குது" என்றார்.