வம்புராணியின் பெட்டி

…போயும் போயும் அந்த முகவரியையா எழுதித் தொலைத்தோம் என்று சலவைக்கடைக்காரிக்கு உறைத்தபோது, யாருடையதோ ஒரு கோட்டின் காலரில் டோக்கனைக் குத்த வேண்டிய ஊசி அவள் கட்டைவிரலில் ஏறியிருந்தது. இப்போதுதான் போனை வைத்தாள் பரிசோதனைக்கூடத்துப் பெண், "போன வியாழனே ரிப்போர்ட் அனுப்பிட்டோமே மேடம், வம்புராணின்னு ஒரு மெயில் குடுத்திருக்கீங்க", அந்தக் குரலில் ஒரு சிரிப்பு இருந்ததோ… சிரிக்கட்டும், கழுத்தில் கட்டி அவளுக்கா வந்திருக்கிறது? பட்டாணி அளவுதான், ஊசியால் குத்திச் சோதனைக்கு எடுத்த நாளிலிருந்து வீட்டில் மூச்சு விடவில்லை, கணவரிடம் சொன்னால் அவருடைய அக்காவுக்குப் போகும், அக்காவுக்குப் போனால் தெரு முழுக்கப் போகும், அந்த அக்காதான் வம்புராணி, பட்டம் சூட்டியவள் இவள். செருப்புக்கடைத் தள்ளுபடியா, ஒரு மாத இலவசப் படமா, எதில் பதிவு செய்தாலும் சொந்த மின்னஞ்சலைத் தருவதில்லை, அதற்கென்றே ஓர் இணையதளம் உண்டு, ஒரு பெயரை யார் தட்டினாலும் அந்தப் பெட்டி திறக்கும், கடவுச்சொல் கிடையாது, வந்த கடிதம் ஏழு நாளில் தானே அழிந்துவிடும், ஊர்க்குப்பையெல்லாம் நாத்தனார் தலையில் கொட்டட்டும் என்று அவள் பட்டத்தையே வைத்து, அதை அவளிடமே சொல்லிச் சிரித்து, "அடி திருட்டுக் கழுதை, அப்ப உன் கூப்பனையெல்லாம் நானே போய்ப் பொறுக்கிக்கறேன்", "தாராளமா பொறுக்குங்க அண்ணி"… கை பழகிப்போய் ஆஸ்பத்திரிப் படிவத்திலும் அதையே எழுதிவிட்டது, இந்தக் கையை என்ன செய்ய? இன்று புதன், நாளைக்கு இருக்காது.

"இந்தக் கறை போகுமாம்மா?" என்று சட்டையை நீட்டினார் ஒருவர், "போகும் சார், அடம்பிடிச்சா ரெண்டு தடவை போடுவோம்", வாய் தன்பாட்டில் வியாபாரம் பார்க்க, கல்லாவுக்குக் கீழே விரல் பெயரைத் தட்டியது, செருப்பு, செருப்பு, படம், நடுவில் ரிப்போர்ட், சந்தேகப்படும்படியான உயிரணுக்கள் எதுவும் இல்லை, இல்லை என்றுதானே போட்டிருக்கிறது, இன்னொரு முறை, இல்லை, ஆமாம், இல்லை! துவைத்த போர்வைக் குவியலில் தொப்பென்று உட்கார்ந்து அதில் ஒன்றிலேயே கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டாள், போகட்டும், இன்னொரு தடவை துவைத்தால் ஆயிற்று, அப்பாடா, காற்று இவ்வளவு ஆழமாகவா உள்ளே போகும்…

ஆனால், திறக்காத கடிதமெல்லாம் தடித்த எழுத்தில் அல்லவா இருக்கும்? செருப்பு தடிப்பு, படம் தடிப்பு, இது மட்டும் இவள் தொடும் முன்பே மெலிந்து கிடந்ததே… யாரோ படித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நாத்தனார் திடுமென்று வந்து நின்றாள், "என்ன அண்ணி, சொல்லாம கொள்ளாம?", "ஏன், என் தம்பி வீட்டுக்கு நான் சீட்டு வாங்கிட்டா வரணும்?", போகும்போது மட்டும் காரணமில்லாமல் இவள் கன்னத்தை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். அன்றே இவளுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பாள் பாவம். அப்படியானால் ஐந்து நாளாகத் தம்பியிடம்கூட வாய் திறக்கவில்லையா, அந்த வாயா? சிரிப்பு வந்தது, கோட்டை எடுத்து டோக்கனைக் குத்தினாள், குத்தியபடியே நின்றாள்… அவளுக்கு ரகசியம் காக்கத் தெரியும் என்றால், இத்தனை வருஷமாக இந்த வீட்டுக் கதையையெல்லாம் தெருவில் அவிழ்த்துவிட்டது யார்?