ரப்பர் பேண்ட் போட்ட கேபிள்

திரிங்காப் மலையூரில் சாம்பசிவம் முதலாளியின் பூத்தோட்டத்தில் எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது. பூப்பெட்டிகளில் ஒட்டும் லேபல் ஒன்று வருவதற்குள் வெளியே லோரிக்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார்.

"பள்ளிக்கூடத்துல படிவம் மூணோட நின்ன பிள்ளைய இங்க உக்கார வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்றார் முதலாளி. "இதுல உன் கை வேலை ஏதாச்சும் இருந்துச்சுன்னா, நீ ஷெட்டுக்கே போயிரு துளசி."

ஷெட்டில் என் அம்மா ஈரத் தரையில் நாள் முழுக்க நின்று செவ்வந்தி கட்டுகிறாள். அங்கே போகாமலிருக்கத்தான் இந்த நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ரிங்லெட் ஊரிலிருந்து கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஹைகல் வந்தான். பள்ளியில் என் வகுப்பில் படித்தவன். என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நான் பிரிண்டரைப் பார்த்தேன். மேசைக்கடியிலிருந்த மூடியில்லாத கம்ப்யூட்டர் பெட்டியை இழுத்தவன் சிரித்துவிட்டான்.

"பாஸ், வந்து பாருங்கலா! ஹார்ட் டிஸ்க் கேபிளைப் பூக்கட்டு மாதிரி கட்டி வச்சிருக்காங்க. ஒரு பேப்பர் சுத்தினா சிங்கப்பூருக்கே ஏத்திரலாம்."

பட்டையான அந்தக் கேபிளை யாரோ நாலாக மடித்து, ரப்பர் பேண்டால் இறுக்கியிருந்தார்கள்.

"மடிச்ச எடத்துல உள்கம்பி நசுங்கிருச்சு பாஸ். டேட்டா தப்புத் தப்பா வருது. தப்பு கூடிப்போனா விண்டோஸ் தானே வேகத்தைக் குறைச்சிரும். டி.எம்.ஏ.ங்கிற வேக வழியில ஓடினது பி.ஐ.ஓ.ங்கிற மெது வழிக்கு இறங்கிருச்சு. லோரிய நிறுத்திட்டுத் தலைச்சுமையா தூக்குற மாதிரி."

"யாரு செஞ்சது?" முதலாளி என்னைத்தான் பார்த்தார்.

எனக்குத் தெரியும். போன வாரம் சோறு கொண்டுவந்த அம்மா, "கால்ல மாட்டிக்கப் போவுது புள்ள" என்று வெளியே தொங்கிய கேபிளைக் குனிந்து மடித்துக் கட்டினாள். நான் காலைத் தூக்கி வழிவிட்டேன். இப்பத்தான் பார்க்க நல்லாயிருக்கு என்றுகூடச் சொன்னேன்.

"தெரியல பாஸ்," என்றேன்.

லேபல் வாங்க வந்து வாசலில் நின்ற அம்மா அதைக் கேட்டுவிட்டாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு ஓரடி உள்ளே வந்தாள்.

"நாந்தாங்க கட்டுனேன். பிள்ளை அப்ப இங்க இல்லீங்க."

நான் பிரிண்டரில் காகிதத்தைச் சரிசெய்தேன்.

ஹைகலின் சிரிப்பு நின்றுவிட்டது. "பரவால்ல ஆன்ட்டி," என்று முணுமுணுத்துவிட்டுப் புதுக் கேபிள் போட்டான். அப்போதும் கம்ப்யூட்டர் நகரவில்லை.

"இன்னும் பி.ஐ.ஓ.ன்னுதான் காட்டுது பாஸ். ஒரு தடவை இறங்கினா தானா ஏறாது."

திரையில் ஹார்ட் டிஸ்க் இணைப்பின் பெயரைத் தேடி அழித்தான். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டான். அது ஹார்ட் டிஸ்க்கைப் புதிதாகப் பார்ப்பதுபோல் கண்டுபிடித்துக்கொண்டது. லேபல்கள் சடசடவென்று விழத் தொடங்கின.

"நீ இங்கயே இரு," என்றார் முதலாளி என்னிடம். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "அன்பரசி, இனிமே இந்த வாசப்படியத் தாண்டாதே. லேபல் வேணும்னா ஜன்னல்ல வாங்கிக்க."

"சரிங்க."

அம்மா பூட்ஸை மாட்டிக்கொண்டு சுற்றி ஜன்னலுக்கு வந்தாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினாள். நான் காகிதத்தையே பார்த்தபடி லேபல்களைக் கொடுத்தேன்.

"எவ்ளோ வேகமா வருது புள்ள," என்றாள். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னாள்.