எல்யாக்கிம் வீட்டு எலி வழக்கு

யூதர்களின் பெசாஹ் பண்டிகை வருகிறதென்றால் பெனினா வீட்டைத் துடைப்பதில்லை. வீட்டின் மேல் போர் தொடுப்பாள். புளித்த மாவில் செய்த பண்டம் வீட்டில் ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் ஒரு படி கேட்டால் அவள் ஒரு மூட்டை கொடுப்பாள். அந்த வருஷம் அலமாரியில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். பியானோக் கட்டைகளின் இடுக்கில் பல்குச்சி விட்டு நோண்டினாள். கணவன் எல்யாக்கிமின் சட்டைப் பைகளை உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் பைகளைத் தைத்தே மூடிவிடலாமா என்றும் யோசித்தாள்.

பண்டிகைக்கு முன்தினம் சாயங்காலம் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேடியாயிற்று. மறுநாள் காலையில் மிச்சமிருக்கும் ரொட்டியை உச்சிப்பொழுதுக்குள் கீழே முற்றத்தில் எரித்துவிட்டால் தீர்ந்தது. ப்னே பராக் ஊர் முழுக்க அன்றைக்கு அதே வேலைதான், தெருவெங்கும் புகை.

பண்டிகை விருந்தில் கசப்புக்கு வைக்கிற காரக்கிழங்கு வாங்கக் கடைக்குப் புறப்பட்ட பெனினா, வாசலில் நின்று கடைசி எச்சரிக்கை விட்டாள்.

"ரொட்டியோட எவனாவது இந்த வாசப்படியத் தாண்டினான்னு வையி, ரொட்டியோட சேத்து அவனையும் முத்தத்துல எரிச்சிருவேன். உன் சிநேகிதன்கிட்டயும் சொல்லிரு."

சிநேகிதன் என்பது கெதால்யா. பல் வைத்தியன். வாயைத் திறந்து வைத்த நோயாளிகள் எதிர்த்துப் பேச முடியாமல் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, உலகமே தன் பேச்சைக் கேட்கத்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தவன். எல்யாக்கிமும் அவனும் வாலிபத்திலிருந்து ஜோடியாக உட்கார்ந்து பழைய சட்டநூலைப் படிக்கிறவர்கள். படிப்பது என்றால் அந்த ஊரில் சண்டை போடுவது என்று பொருள். ஒருவன் ஒன்று சொன்னால் மற்றவன் மேசையைத் தட்டி மறுக்க வேண்டும். மறுக்கவில்லையென்றால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

எல்யாக்கிம் பல்கலைக்கழகத்தில் தர்க்கம் கற்பிப்பவன். சட்டநூலில் பெரியவர்கள் வாதாடிய வாதங்களையெல்லாம் குறியீடுகளாக மாற்றிக் கணினிக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. 'சின்னதுக்கே இந்தப் பாடென்றால் பெரியதற்குச் சொல்லவா வேண்டும்' என்று போகிற வாதத்தை மட்டும் ஆறு விதமாக எழுதி வைத்திருந்தான். அவன் செய்த நிரலுக்கு ஷ்லோமோ என்று பெயர். பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். பால் கரண்டி தவறிக் கறிச்சட்டியில் விழுந்துவிட்டது, என்ன செய்ய என்று யாரோ கேட்டபோது ஷ்லோமோ சரியான பதில் சொல்லிவிட்டது. அந்தப் பெருமை தலைக்கேறி, ஷ்லோமோவைக் கட்டிடத்து வாட்ஸ்அப் குழுவிலேயே இணைத்துவிட்டான் எல்யாக்கிம். அக்கம்பக்கத்துக் கட்டிடத்துக்காரர்களும் ஆசைப்பட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

கெதால்யா வந்தான். கையில் எரிப்பதற்கான ரொட்டிப் பை. பெனினாவின் எச்சரிக்கையைக் கேட்டதும் பையை வெளியிலேயே வைத்து, படிக்கட்டில் நின்றபடி கடைசித் துண்டு ஒன்றைத் தின்று முடித்து, வாயைத் துடைத்து, சட்டையை உதறி, உள்ளே வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் சண்டை தொடங்கியது.

"அந்த விதியச் சேத்தியா இல்லையா?"

"எந்த விதி?"

"நடிக்காத. தேடி முடிச்ச வீட்டுக்குள்ள ஏதாவது பிராணி ரொட்டியத் தூக்கிட்டு வந்திருக்குமோன்னு பயப்பட வேண்டாம். அப்படிப் பயந்தா வீட்டுலேருந்து வீடு, முத்தத்துலேருந்து முத்தம், ஊர்லேருந்து ஊருன்னு போகும், அதுக்கு முடிவே இருக்காது. பெரியவங்க சொன்னது."

"அது வாதமே இல்ல கெதால்யா. முடிவு இல்லங்கறதுக்காக ஒரு விஷயம் பொய்யாயிடுமா? எண்களுக்கு முடிவு இல்ல. அதுக்காக எண்ணே கிடையாதுன்னு சொல்லுவியா? அவங்க வாதாடல. அலுத்துப்போய்ட்டாங்க."

"அலுப்பும் ஒரு வாதம்தான்டா! கல்யாணம் ஆனவன்தானே நீ?"

"அலுப்புக்குக் குறியீடு கிடையாது."

"அப்ப உன் ஷ்லோமோ ஒரு மடையன்."

எல்யாக்கிம் பதிலுக்கு வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. சாத்தாத வாசல் வழியாக ஒரு எலி உள்ளே வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், வீட்டுக்காரன் மாதிரி. அதன் வாயில் ஒரு ரொட்டித் துண்டு.

எலி கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குள் போய், ஃப்ரிட்ஜுக்கு அடியில் நுழைந்தது.

வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் துடைப்பத்தைத் தேடியிருப்பான். இவர்கள் இருவரும் எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். தேடி முடித்த வீட்டுக்குள் ரொட்டியோடு எலி புகுந்தால் என்ன செய்வது என்று சட்டநூலில் ஒரு பக்கமே இருக்கிறது. போன எலியும் வந்த எலியும் ஒன்றா, போன ரொட்டியும் வந்த ரொட்டியும் ஒன்றா என்று நூற்றாண்டுக்கணக்காக வாதாடியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் இப்போது நாலு காலில் நடந்து வீட்டுக்கே வந்துவிட்டது.

"நம்ம எலிடா!" என்றான் எல்யாக்கிம். கண்ணில் நீர்கூடத் துளிர்த்தது.

"நம்ம எலிதான்," என்றான் கெதால்யா. அவன் முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. சந்தோஷத்தில்தான் என்று எல்யாக்கிம் நினைத்துக்கொண்டான்.

பிறகுதான் இருவருக்கும் பெனினாவின் ஞாபகம் வந்தது.

"ஒரு துணுக்குக்கே அவ அந்தக் கத்துக் கத்துவா," என்றான் கெதால்யா மெதுவாக. "முழுத் துண்டுக்குச் சொல்லவா வேணும்."

அந்த வாதத்தின் ஆறு வடிவங்களிலும் முடிவு ஒன்றாகவே வந்தது. அவள் திரும்புவதற்குள் தீர்ப்புத் தெரிய வேண்டும். எல்யாக்கிம் கணினியைத் திறந்தபோது ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு எலி ஓடிவந்து வாசல் வழியாக மறைந்தது. வாயில் ஒன்றுமில்லை.

"போச்சு. ரொட்டிய உள்ள விட்டுட்டுப் போயிருச்சு," என்றான் எல்யாக்கிம்.

"அது வேற எலி."

"எப்படிச் சொல்ற?"

"உள்ள போனதுக்கு முன்பல்லு நேரா இருந்துச்சு. இதுக்கு இடது பல்லு சாஞ்சிருக்கு."

"ஓடுற எலியோட பல்லப் பாத்தியா?"

"நீ மனுசன் மூஞ்சியப் பாப்ப. நான் பல்லத்தான் பாப்பேன். தொழில்."

எல்யாக்கிம் இரண்டையும் பதிவு செய்தான். எலி ஒன்று. எலி இரண்டு. இரண்டும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 'ரொட்டி எங்கிருந்து வந்தது?' என்று ஷ்லோமோ கேட்டது.

"எதிர்வீட்டுலேருந்துதான் வந்திருக்கும்," என்றான் எல்யாக்கிம். "ஃப்ரூமாம்மா வீடு. வேற எங்கிருந்து?"

கெதால்யா இருமினான். பிறகு, "இருக்கலாம்," என்றான்.

ஷ்லோமோ யோசித்தது. ஃப்ரூமாம்மா வீட்டிலிருந்து ரொட்டி வந்திருக்கிறதென்றால் அங்கே ரொட்டி இருந்திருக்கிறது. இருந்ததென்றால் அவர் சரியாகத் தேடவில்லை. தேடாத வீட்டிலிருந்து ஒரு எலி இங்கே வரலாம் என்றால், மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் போயிருக்கலாம். அங்கிருந்து அடுத்த கட்டிடத்துக்கு. அங்கிருந்து அடுத்த தெருவுக்கு. எங்கே நிறுத்துவது என்று ஷ்லோமோவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'மீண்டும் தேடவும்' என்று வீடு வீடாக, பெயர் போட்டு, குழுவில் அனுப்பத் தொடங்கியது.

கட்டிடமெங்கும் கைபேசிகள் டிங் டிங்கென்று அடித்தன. பிறகு எல்லா மாடிகளிலும் நாற்காலிகள் இழுபடும் சத்தம். யாரோ ஒரு பெண் ஓவென்று அழுதாள்.

முதலில் வந்து நின்றவர் ஃப்ரூமாம்மா. கையில் அகப்பை, தோளில் ஷிம்ஷோன். ஷிம்ஷோன் அவருடைய பூனை. எல்யாக்கிமின் தலையணை அளவு இருக்கும்.

"புரொபசர்! என் வீட்டுல ரொட்டியா? நாற்பது வருஷமா குடும்பம் நடத்துறேன்! நான் தொடைச்ச தரையில நீ ஆபரேசன் பண்ணலாம்!"

"நான் சொல்லல ஃப்ரூமாம்மா, ஷ்லோமோதான்…"

"அவனக் கூப்பிடு வெளிய! எங்க அவன்?"

அவருக்குப் பின்னால் மேல்மாடிக்காரர் வாளியோடு, கீழ்வீட்டுத் தம்பதி ஆளுக்கொரு துடைப்பத்தோடு. அத்தனை பேரையும் இரு கையாலும் விலக்கிக்கொண்டு, முழ நீளக் காரக்கிழங்கை உலக்கைபோல ஏந்தியபடி பெனினா உள்ளே வந்தாள்.

"கடையில வரிசையில நிக்கிறேன். என் போன் அடிக்குது. 'பெனினா, உங்கள் வீட்டை மீண்டும் தேடவும்.' காய்க்காரன் போனும் அடிக்குது. அவன் கடையச் சாத்திட்டு வீட்டுக்கு ஓடிட்டான். என்ன நடக்குது இங்க?"

எல்யாக்கிம் விளக்கினான். எலி ஒன்றிலிருந்து தொடங்கி, முறைப்படி. பெனினாவின் முகம் போகிற போக்கைப் பார்த்து இடையில் சில படிகளை விட்டுவிட்டுத் தாவினான். அதற்குள் ஷ்லோமோ பக்கத்து ஊரான ரமாத் கானை எட்டியிருந்தது.

"நிறுத்து அத."

"அணைக்கலாம் பெனினா. ஆனா அணைச்சா மறுப்பு ஆகாது. நிக்கிறதுக்கு ஒரு விதி வேணும். தர்க்கப்படி அது நிக்கவே…"

"அய்யோ, இதுக்கு முடிவே கிடையாதா!"

"அதான்!" என்று கெதால்யா துள்ளினான். "கேட்டியா? ஒரே மூச்சுல சொல்லிட்டா! அதத்தானே நான் காலையிலேருந்து…"

எல்யாக்கிம் சுற்றிலும் பார்த்தான். வாளி, துடைப்பம், அகப்பை, கிழங்கு. ஃப்ரூமாம்மாவின் கண் கலங்கியிருந்தது. நாற்பது வருஷத்து மானம். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த விதி வந்தது அலுப்பால் அல்ல. இவர்களை நினைத்துத்தான் பெரியவர்கள் அங்கே கோடு கிழித்திருக்கிறார்கள் என்று பட்டது. முடிவில்லாமல் போகிற சந்தேகத்தைத் தொடர வேண்டாம் என்று ஒரு வரியைச் சேர்த்தான். எதிலிருந்தும் அது வரவில்லை, சும்மா நட்டுவைத்தான். 'தேட வேண்டாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று எல்லாருக்கும் ஒரு டிங் போனது.

வந்தவர்கள் பெருமூச்சு விட்டுத் திரும்பும் நேரத்தில், ஷிம்ஷோன் சமையலறையிலிருந்து வெளியே வந்தான். கூட்டத்தில் எப்போது தோளிலிருந்து இறங்கினான் என்று யாருக்கும் தெரியாது. அவன் வாயில் ஒரு எலி தொங்கியது. எலியோடு சேர்த்து ஒரு ரொட்டித் துண்டும்.

"நேரான பல்லு!" என்று கத்தினான் கெதால்யா. "பாத்தியா? எலி ஒண்ணு! நான் சொன்னேன்ல!"

எல்யாக்கிம் அந்தப் பூனையை உருகிப் பார்த்தான். சட்டநூலின் அந்தப் பக்கத்தின் அடியில் வருகிற வழக்கு அப்படியே இதுதான். உள்ளே போன பிராணியையும் ரொட்டியையும் வேறொரு பிராணி வாயில் கவ்விக்கொண்டு வெளியே வந்தால், அதே ரொட்டியா, வேறா? பெரியவர்களே தீர்க்க முடியாமல் விட்ட கேள்வி.

பெனினா அப்படியெல்லாம் உருகவில்லை. குனிந்து பார்த்தாள்.

"கருஞ்சீரகம் போட்டிருக்கு. இது ஃப்ரூமாம்மா வீட்டு ரொட்டி இல்ல. இப்படிக் கருஞ்சீரகத்த அள்ளிக் கொட்டுறது இந்த ஊர்லயே ஒருத்திதான்." நிமிர்ந்தாள். "கெதால்யா. உன் பொண்டாட்டி சுட்டது."

அகப்பை, வாளி, துடைப்பம், எல்லாம் கெதால்யாவின் பக்கம் திரும்பின.

"படியில நின்னு தின்னேன்," என்றான் அவன். "ஒரு துண்டு விழுந்திருக்கலாம். ஒரு சாத்தியக்கூறாத்தான் சொல்றேன்."

"நான் ஃப்ரூமாம்மா வீடுன்னு சொன்னப்ப 'இருக்கலாம்'னியேடா!"

"எல்லாமே இருக்கலாம்தானே. தர்க்கம் நீ சொல்லிக்குடுத்தது."

"அப்ப ஷ்லோமோ தப்பு பண்ணல!" எல்யாக்கிமின் முகம் மலர்ந்தது. "நாமதான் அதுக்குப் பொய்யான தகவல ஊட்டினோம்! கேட்டீங்களா எல்லாரும்? வாதம் செல்லும்! வாதத்துல ஒரு குறையும் இல்ல!"

யாரும் கைதட்டவில்லை. ஃப்ரூமாம்மா கெதால்யாவின் முதுகில் அகப்பையால் ஒரு போடு போட்டார். வலிக்கிற அடி இல்லை. நாற்பது வருஷத்துக் கணக்கைத் தீர்க்கிற அடி.

"சரி, தீர்ப்பு என்ன?" என்றாள் பெனினா. "பூனை தூக்கிட்டுப் போனது அதே ரொட்டியா? தேடணுமா வேணாமா?"

இரண்டு அறிஞர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது முடிவாகாத கேள்வி," என்றான் எல்யாக்கிம். "எலியா தீர்க்கதரிசி வந்துதான் தீர்த்துவைக்கணும்னு விட்டுட்டாங்க."

"இன்னைக்கு ராத்திரி விருந்துக்குத்தான் அவரு வர்றாரு. வருஷா வருஷம் அவருக்குன்னு தனியா கிண்ணமே வைக்கிறோம். வந்ததும் ஃப்ரிட்ஜ நகத்திப் பாக்கச் சொல்லவா?"

"இல்ல பெனினா, கண்ணுல படாத புளிப்பெல்லாம் மண்ணுக்குச் சமம்னு நேத்துத் தேடி முடிச்சதுமே முறைப்படி சொல்லியாச்சு. அதுக்கப்புறம் இந்த மாதிரிச் சந்தேகத்துல சட்டம் கொஞ்சம் இளகும்…"

"சட்டம் இளகட்டும். நான் இளக மாட்டேன்." காரக்கிழங்கு ஃப்ரிட்ஜைச் சுட்டியது. "புடிங்க ரெண்டு பேரும்."

பிடித்தார்கள். தர்க்கம் ஒரு பக்கமும் பல் வைத்தியம் மறுபக்கமுமாக முக்கி முனகி நகர்த்தினார்கள். அடியில் ஒன்றுமில்லை. பளபளவென்று இருந்தது தரை. அங்கேயும் துடைத்து வைத்திருந்தாள். இருவரும் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, கைவிளக்கடித்து, அடுப்புக்குப் பின்னாலும் பியானோவுக்கு அடியிலும் பார்த்தார்கள். அந்த நிலையிலும் சாய்ந்த பல் எலி எப்போது உள்ளே வந்தது என்று சண்டை ஓயவில்லை. எப்போது வந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. அது இருந்ததையே நேற்றைய மெழுகுவத்தி காட்டவில்லை என்பதை எல்யாக்கிம் மனைவியிடம் சொல்லாமல் விட்டான். எல்லா உண்மையையும் எல்லா இடத்திலும் சொல்ல வேண்டும் என்று எந்தத் தர்க்கமும் கேட்பதில்லை.

உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் கட்டிடமே முற்றத்தில் கூடி ரொட்டியை எரித்தது. கெதால்யாவின் பை முழுதாக நெருப்பில் போனது. பெனினா தன் கையால் போட்டாள். புகை மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே எல்லாரும் சிரித்தார்கள்.

ஷிம்ஷோன் மதில்மேல் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். எலியும் இல்லை, ரொட்டியும் இல்லை. ஃப்ரூமாம்மா அவனை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு எல்யாக்கிமின் பக்கம் வந்தார்.

"புரொபசர், ஒரு சந்தேகம். ரொட்டி இப்ப பூனை வயித்துல. பூனை என் வீட்டுல. அப்ப என் வீட்டுல…"

எல்யாக்கிமின் கண்கள் விரிந்தன. "பிரமாதமான கேள்வி ஃப்ரூமாம்மா! இத ரெண்டா பிரிச்சுப் பாக்கணும். பூனைக்கு வெளிய இருக்கறது, பூனைக்கு உள்ள…"

அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. பெனினா அவன் வாயைப் பொத்தியிருந்தாள்.

"தின்னு முடிச்சாச்சு ஃப்ரூமாம்மா," என்றாள். "தின்னது போச்சு. போயி சமையலப் பாருங்க."