டீனாவின் மந்திரமும் இருபத்திரண்டு புள்ளிக் காயமும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: ஒரு வாட்ஸ்அப் செய்தியிலிருந்து. "வர்ற ஞாயிறு எனக்குக் கடைசி. வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்று டீனா எழுதியிருந்தாள்.

ஜோகுபாளையத்தில் ராகேஷ் வீட்டு மாடியில் ஞாயிறு மதியம் நாலு பேர் கூடுகிறோம். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, மாயாஜாலக் கதை ஒன்றை ஆடுகிறோம். ராகேஷ் வாள்வீரன், தாரணி திருடி, டீனா வைத்தியச்சி. பூதம் முதல் பெட்டிக்கடைக்காரர் வரை மிச்ச எல்லோரும் நான்தான்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "இருண்ட குகையில் ரத்தம் சொட்டச் சொட்ட அந்த மாவீரன்…" வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

2

ஏன் என்று போன் செய்து கேட்டேன்.

"ரெண்டு வருஷமா நான் உங்களுக்கு குளுக்கோஸ் பாட்டில் தான். நீங்க அடி வாங்கிட்டு வருவீங்க, நான் ஏத்தணும். ஆபீஸ்லயும் இதே வேலைதானே பண்றேன்?"

அவள் கஸ்டமர் கேரில் இருக்கிறாள். (இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் சோகமாகக் காட்டலாமா என்று யோசித்தேன். அவள் சோகமாக இல்லை, கடுப்பில் இருந்தாள்.)

அவள் சொன்னது நிஜம். அவள் கை வைத்தால் காயம் மறைந்துவிடும். அதனால் ராகேஷ் அடிக்குப் பயந்ததே இல்லை. அன்றே எங்கள் ஆட்ட விதியை மாற்றினேன்.* இனி காயம் மறையாது, ஆள் மாறும். வைத்தியச்சி அதை எடுத்து, "வாங்கிக்கிறேன்" என்று சொல்பவர்மேல் இறக்கலாம். முழுசாக, பங்கு போட முடியாது. எழுதி முடித்ததும் எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

* அச்சிட்ட விதிப்புத்தகம் எங்களிடம் உண்டு. அதில் பாதிக்கு மேல் பென்சிலால் அடித்துவிட்டோம்.

3

ஞாயிற்றுக்கிழமை ராகேஷ் பழைய பழக்கத்தில் யோசிக்காமல் பூதத்தின் மேல் பாய்ந்தான். பூதம் விட்டது ஒரே அறை. இருபத்திரண்டு புள்ளிக் காயம். இரண்டு வருடமாக வளர்த்த வாள்வீரன் சாகக் கிடக்கிறான். தாரணியிடம் மிச்சமிருந்த உயிர் ஒன்பது புள்ளி, டீனாவிடம் பதினொன்று. யார் வாங்கினாலும் செத்தார்கள்.

டீனா நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"நான் பூதத்துக்கிட்ட கேக்கறேன்."

எதிரியிடம் கேட்கக் கூடாது என்று நான் எழுதவே இல்லை! பூதத்துக்கு நாற்பது புள்ளி இருக்கிறது. அது தாங்கும்.

பத்து நிமிடம் பேசினாள். இரண்டு வருடத்தில் அவள் பேசியதை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது. முந்நூறு வருடமாக இந்தக் குகையைக் காக்கிறாயே, உன்னை யாராவது தொட்டுப் பார்த்தார்களா என்றாள். நொண்டி நொண்டி நடக்கிறாயே, அந்தக் கால் புண்ணை நான் வாங்கிக்கொள்கிறேன், இவன் காயத்தை நீ வாங்கிக்கொள் என்றாள். (பூதம் நொண்டுவதாக நான் சொன்னது சும்மா பயமுறுத்துவதற்காக. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.) தாரணி எழுந்து நின்றுவிட்டாள்.

4

முடிவு அ: பூதம் காலை நீட்டுகிறது.

முடிவு ஆ: பூதம் சிரிக்கிறது, ராகேஷின் வீரன்…

இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். ஆனால் அன்று நான் பகடையை எடுக்கப் போனபோது டீனா அதன்மேல் கையை வைத்தாள்.

"பகடை வேணாம். பூதமா யோசிச்சு சொல்லு. நான் போறேன்னதுக்காக சும்மா விட்டுக் குடுத்தே, இப்பவே எழுந்து போயிடுவேன்."

நானும் பூதமாக யோசித்தேன். சரி என்று சொல்லத் துடிப்பது பூதமா, அவள் போய்விடக் கூடாதே என்று தவிக்கிற நானா? இதை எழுதுகிற இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியவில்லை.

இதை வாசிக்கிற உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. டீனா அடுத்த ஞாயிறு வராவிட்டால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. ஆகவே நான் எழுந்துகொள்கிறேன், பூதத்தின் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். மூன்று பேரும் உங்களையே பார்க்கிறார்கள். டீனா இன்னொரு முறை கேட்க மாட்டாள்.

வாங்கிக்கொள்கிறீர்களா?